வயல் சணப்பும் வழக்குக் கஞ்சாவும்

மேலூர்ப் பக்கம் நடவுக்கு முன்னால் மஞ்சள் பூ விட்டு நிற்கும் சணப்பைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விதைத்து ஒன்றரை மாதத்தில், பூவெடுக்கும் சமயம் அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள். வேர்முடிச்சு பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்து வைத்த தழைச்சத்து நெல்லுக்குப் போய்ச் சேரும். முற்றவிட்டால் தண்டில் உரமான நார் கிடைக்கும், கயிறு திரிக்கலாம். அந்த நாரைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் இதை 'சன் ஹெம்ப்' என்றார்கள். பயறு, உளுந்துக்குப் பங்காளியான இந்தச் செடிக்கும் கஞ்சாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

புளிச்சகீரை கதை இன்னும் வேடிக்கை. செம்பருத்திக் குடும்பத்துச் செடி; ஆனால் இலையின் சாயலால் தாவரவியலில் 'கன்னாபினஸ்' என்று பெயர் வாங்கிவிட்டது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது. புளிச்சையின் விரல்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் காம்பின் நுனியிலிருந்தே தனிச் சிற்றிலையாகப் பிரியும், ஓரமெல்லாம் ரம்பப் பல். வாயில் போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்தான். அந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அசல் ஹெம்ப் எது என்றால், அதுவும் கஞ்சாச் செடிதான். ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்ததற்கு 1753இல் லின்னேயஸ் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து போன மாதிரிகளைப் பார்த்த லமார்க், 1785இல் அதை 'இண்டிகா' என்று தனி இனமாக்கினார். ஒரே இனம்தான் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பெண் பூவைச் சுற்றியுள்ள செதில்களில் பிசின் சுரக்கும் நுண்ணிய முடிகள் உண்டு. எல்லாச் செடியும் அங்கே ஒரே மூலப்பொருளைத்தான் தயாரிக்கிறது. அதன் மேல் வேலை செய்யும் நொதி ஒரு வகையானால், போதை தரும் டிஹெச்சி-யின் அமில வடிவம் கிடைக்கும். இன்னொரு வகையானால், போதை தராத சிபிடி-யின் அமில வடிவம். எந்த நொதி என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. அமிலமாக இருக்கும்வரை டிஹெச்சி-யும் போதை தராது, சூடுபட்டால்தான் தரும்.

அப்படியானால் கோடு எங்கே? 1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள், வகைப்பாட்டு வசதிக்காக 0.3 சதவீத டிஹெச்சி என்று ஓர் எல்லை வைத்தார்கள். போதை ஏறும் அளவு என்று அவர்கள் சொல்லவில்லை. 2018இல் அமெரிக்கா அதையே சட்டமாக்கியது. அதே ஆண்டு உத்தரகண்ட் அரசு ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ கஞ்சாவுக்குச் சதவீதம் பார்ப்பதில்லை, செடியின் பாகத்தைப் பார்க்கிறது. பூத்த அல்லது காய்த்த நுனிதான் கஞ்சா. நுனி சேராத விதையும் இலையும் கணக்கில் வராது. பிசின் முடிகள் அடர்ந்திருப்பது நுனியில்தான் என்பதால், சட்டத்தின் பார்வை வேதியியலிலிருந்து ரொம்ப விலகியும் போகவில்லை. எடைதான் சிக்கல். 1 கிலோ வரை 'சிறிய அளவு'. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டுச் சிறை. அதனால்தான் மதுரை போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றம் போன்ற இடங்களில் எதிர்த்தரப்பு வக்கீல் கிளப்பக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: மூட்டையில் இருந்த இலையையும் விதையையும் கழித்துவிட்டா எடை போட்டீர்கள்?