608 முறை எடுத்துக் காட்டிய கடிதம்! படித்தவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹெர்ஷல் ஜிக் என்று ஒரு டாக்டர் இருந்தார். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு என்னென்ன கெடுதல் வருகிறது என்று கணக்கு எடுப்பது அவருடைய வேலை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் அவரிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன.

கடுமையான வலிக்கு அபின் வகை மருந்து கொடுக்கிறார்களே, எத்தனை பேர் அதற்கு அடிமை ஆகிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள அவர் கணக்கைப் புரட்டினார்.

மொத்தம் 39 ஆயிரத்து 946 நோயாளிகள். அவர்களில் 11 ஆயிரத்து 882 பேர் அந்த வகை மருந்தை ஒரு தடவையாவது வாங்கியவர்கள். முன்பு அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்து, புதிதாக அடிமை ஆனதாகத் தெரிந்தவர்கள் 4 பேர்தான்!

ஜிக்கும் அவருடைய உதவியாளர் ஜேன் போர்ட்டரும் இதை ஒரு கடிதமாக எழுதி, 'நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை'க்கு அனுப்பினார்கள். உலகம் முழுவதும் டாக்டர்கள் மதிக்கும் பத்திரிகை அது. 1980-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கடிதம் வெளிவந்தது. மொத்தம் ஐந்தே வாக்கியங்கள்.

சாட்சி எங்கே?

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தாமே கண்டறிந்ததைத் தவிர வேறு எதைச் சொன்னாலும், அதை எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டவேண்டும். வாக்கியத்தின் முடிவில் ஒரு சிறு எண் போடுவார்கள். கட்டுரையின் கடைசியில் அந்த எண்ணுக்கு நேராக, எழுதியவர் பெயர், பத்திரிகை, ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் இருக்கும். சந்தேகப்படுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கோர்ட்டில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது போலத்தான் இது.

பாஸ்டன் கடிதத்துக்கும் ஒரு முகவரி உண்டு. 302-ம் தொகுதி, 123-ம் பக்கம்.

வலிக்கு அபின் வகை மருந்து கொடுத்தால் அடிமை ஆவது அபூர்வம் என்று பல டாக்டர்கள் கட்டுரை எழுதினார்கள். வாக்கியத்தின் முடிவில் எண் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் பாஸ்டன் கடிதத்தின் முகவரி!

ஆனால் சாட்சி அப்படியா சொன்னது?

கடிதம் ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்களைப் பற்றியது. அங்கே டாக்டர் அளவு சொல்கிறார். நர்ஸ் மருந்து கொடுக்கிறார். நோயாளி இஷ்டம்போல் எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரைப் புட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் மாதக்கணக்கில் விழுங்குகிறவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மருந்து எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றும் இல்லை. வீடு திரும்பிய பிறகு நோயாளிகள் என்ன ஆனார்கள் என்றும் இல்லை. ஐந்து வாக்கியத்தில் எவ்வளவுதான் சொல்ல முடியும்!

கடிதம் சிறியதுதான். கைமாறக் கைமாற அது பெரிதாக வளர்ந்தது. 2001-ம் ஆண்டு 'டைம்' வார இதழ் அதைப் பெரிய திருப்பத்தை உண்டாக்கிய ஆராய்ச்சி என்றே எழுதிவிட்டது.

மாத்திரை வந்தது

1996-ம் ஆண்டு பர்டூ என்ற அமெரிக்கக் கம்பெனி 'ஆக்ஸிகான்டின்' என்ற வலி மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவும் அபின் வகைதான். கம்பெனியின் ஆட்கள் டாக்டர்களைத் தேடிப் போனார்கள். அடிமை ஆகும் அபாயம் 100-ல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னார்கள். டாக்டர்கள் தயக்கம் இல்லாமல் சீட்டு எழுதினார்கள்.

2007-ம் ஆண்டு வழக்கு வந்தது. மாத்திரையைப் பற்றி உண்மைக்கு மாறாகச் சொன்னதைக் கம்பெனித் தரப்பிலும் அதன் 3 அதிகாரிகளும் ஒப்புக்கொண்டனர். கட்டிய தொகை 60 கோடி டாலருக்கு மேல்.

போன உயிர்களுக்கு என்ன கணக்கு? 1999 முதல் 2019 வரை, அபின் வகை மருந்துகளும் போதைப் பொருள்களும் அளவு மீறியதால் அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். ஹெராயின் போன்ற கள்ளச் சரக்கும் இதில் சேரும். ஆனால் முதல் அலையைக் கிளப்பியவை டாக்டர் சீட்டில் வந்த மாத்திரைகளே. இத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொல்வது நியாயம் அல்ல. கம்பெனியின் பேராசையும் அதிகாரிகளின் அசட்டையும் சேர்ந்தன. பயந்த டாக்டரின் பயத்தைப் போக்க அந்தக் கடிதமும் உதவியது என்பதை மறுக்க முடியாது.

எண்ணிப் பார்த்தார்கள்

கனடாவில் டொரன்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பொறுமையான வேலை செய்தார்கள். பாஸ்டன் கடிதத்தை யார் யார் எடுத்துக் காட்டினார்கள் என்று தேடினார்கள். 2017 மார்ச் வரை 608 முறை! அதே காலத்தில் அதே பத்திரிகையில் வந்த வேறு சில கடிதங்களை எடுத்துக் காட்டியது நடுமட்டமாக 11 முறைதான்.

608-ல் 439 கட்டுரைகள் அந்தக் கடிதத்தை, அடிமை ஆவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டின. 491 கட்டுரைகள், இது ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு என்பதைச் சொல்லவே இல்லை.

படித்த பெரியவர்கள் இப்படிச் செய்வார்களா? செய்வார்கள். முதல் ஆள் கடிதத்தைப் படிக்கிறார். இரண்டாம் ஆள் முதல் ஆளின் கட்டுரையைப் படிக்கிறார். முகவரியை மட்டும் பெயர்த்து எழுதிக்கொள்கிறார். மூன்றாம் ஆள் இரண்டாம் ஆளைப் பார்த்து எழுதுகிறார். பழைய இதழைத் தேடி நூலகத்துக்கு நடக்க யாருக்கும் பொழுது இல்லை. ஆண்டும் பக்கமும் சரியாக இருப்பதால், படிக்கிறவருக்குச் சந்தேகமும் வருவது இல்லை.

மூலத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கும் விதியில் வழி இருக்கிறது. 'இன்னார் கட்டுரையில் கண்டபடி' என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் கொஞ்சம் கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள் போலும்!

மருந்துக் கம்பெனிகள் தம் கடிதத்தை இப்படிப் பயன்படுத்திக்கொண்டதை எண்ணிக் கூசிப்போனதாக, டாக்டர் ஜிக் 2017-ல் செய்தியாளர்களிடம் சொன்னார்.

அதே ஆண்டு பத்திரிகை ஆசிரியர்கள் கடிதத்துக்கு ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். அடிமை ஆவது அபூர்வம் என்பதற்கு இந்தக் கடிதத்தைப் பலர் ஆராயாமல் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது குறிப்பின் சாரம். இன்று கம்ப்யூட்டரில் 302-ம் தொகுதி, 123-ம் பக்கத்தைத் தேடுகிறவர்கள், கடிதத்தோடு அந்தக் குறிப்பையும் பார்க்கலாம். கடிதம் வெளிவந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த குறிப்பு அது.