வெல்லம் காய்ச்சுதலில் சாற்றின் கசடும் அடுப்பின் உஷ்ணமும்

1997-ஆம் வருஷத்தில் சேலம் ஜில்லாவினின்று பிரிந்த நாமக்கல் ஜில்லாவில், ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் முதலிய காவிரிப் பாசனப் பகுதிகளில் கரும்பு பயிராகி, ஆலைக்கொட்டகைகளில் வெல்லமாகக் காய்ச்சப்படுகின்றது. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வரும் வெல்லத்தின் விலையை நிர்ணயிப்பதில் நிறம் முக்கியமானது. ஒரே வயலின் கரும்பு ஒரு கொப்பரையில் பொன்னிறமாயும், மற்றொன்றில் கறுத்தும் இறங்குவதற்குக் காரணம் யாது?

வெந்நீர் அடிபிடிப்பதில்லை, கஞ்சி அடிபிடிக்கின்றது. தண்ணீரில் அடியில் சூடேறிய பாகம் இலேசாகி மேலெழ, குளிர்ந்த பாகம் கீழிறங்கி, உஷ்ணம் எங்கும் பரவும். கஞ்சியிலோ திரவம் தடித்திருப்பதால் இவ்வோட்டம் தளர்கின்றது. பருக்கைகளும் அடியில் படிகின்றன. கரும்புச் சாறும் இத்தகையதே. அதில் மண், சக்கைத் துகள், மெழுகு முதலியன மிதக்கின்றன. இவை கொப்பரையின் அடியில் படிந்தால் உஷ்ணம் சாற்றினுட் செல்லத் தடையாகும். இரும்பு மிகச் சூடேறி, அதனை ஒட்டிய சர்க்கரை கருகும். எரிபொருளும் வீண், நிறமும் கேடு.

எரிபொருளின் செலவு சிறிதன்று. ஒரு கிலோ நீரை 30 டிகிரியினின்று கொதிநிலைக்குக் கொணர 70 கிலோ கலோரி போதும். அதனை ஆவியாக்கவோ 540 கிலோ கலோரி வேண்டும். 100 கிலோ சாற்றில் சுமார் 80 கிலோ நீர் ஆவியாக வேண்டியிருக்கின்றது. ஆகையால் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்.

முதலாவது, வெட்டிய கரும்பை வேரும் மண்ணும் நீக்கி, தாமதமின்றி ஆட்டி, சாற்றை வடிகட்டிக் கொப்பரையில் விடவேண்டும். அதிக நேரம் வைத்த சாறு புளிக்கும்.

இரண்டாவது, தொடக்கத்தில் நெருப்பு மிதமாயிருத்தல் வேண்டும். சூடேறுகையில் சாற்றிலுள்ள புரதம் திரைந்து, துகள்களைப் பற்றிக்கொண்டு மேலெழும். வெண்டைத் தண்டை நசுக்கி எடுத்த வழவழப்பான சாறு இதற்குத் துணை செய்யும். இக்கசட்டை முழுதும் அள்ளிய பின்னரே வேகமாய்க் கொதிக்கவிடலாம். முன்னரே கொதித்தால் கசடு உடைந்து சாற்றிற் கலந்துவிடும். பிறகு எடுப்பது அரிது.

மூன்றாவது, சாற்றின் புளிப்பைத் தணிக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீரை அளவாய் விடவேண்டும். மிகுந்தால் வெல்லம் கறுக்கும்.

நான்காவது, பாகு தடிக்கத் தடிக்க அதன் ஓட்டம் குறையுமாதலால், நெருப்பைத் தணித்து அடிவரை துடுப்பால் கிளறவேண்டும். சுமார் 118 டிகிரியில் வெல்லப் பதம் வரும். குளிர்ந்த நீரில் விட்ட பாகு உருட்டத் திரளுவது அதன் அடையாளம்.

கசட்டை நீக்காமல் ஹைட்ரோஸ் முதலிய இரசாயனத்தால் நிறம் வெளுக்கச் செய்வோரும் உளர். அந்நிறம் நாளடைவில் மங்குவதோடு, கந்தகம் வெல்லத்தில் தங்கி உண்பவருக்குத் தீங்கும் விளைக்கும். கிராம அதிகாரிகள் இதனை ஆலைக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாக. காய்ச்சும்போதே அள்ளிய கசடு வெளுப்பு மருந்தின் செலவை மிச்சப்படுத்தும். அடுப்பிலிடும் சக்கையையும் மிச்சப்படுத்தும்.