வீரரைத் தேடி வரும் கண்கள்

அமெரிக்க தேசத்தில், கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயிலுள்ள உத்தம வீரர்களை இரு அணிகளாக்கி, தொழில்முறைச் சங்கத்தாரின் முன்னிலையில் ஆடச் செய்யும் ‘சீனியர் பௌல்’ என்னும் பந்தயம், 1950-ஆம் ஆண்டில் தொடங்கி இன்றும் நடைபெற்று வருகிறது. அது, பந்தைக் கையிலேந்தி ஓடும் அந்நாட்டுக் கால்பந்து. காலால் உதைத்தாடும் கால்பந்தில், நம் பாரதத்தில் மேல்நிலை ஆட்டத்திற்கு அத்தகைய வாசலாக விளங்குவது, மாநில அணிகள் பொருதும், 1941-இல் உதயமான சந்தோஷ் கோப்பையே. தூத்தூர், சின்னத்துறை முதலிய குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்கள் தமிழ்நாட்டு அணிக்கு வீரர்களை வழங்கி வந்துள்ளமை நமக்கெல்லாம் பெருமிதம் தருவது. அதே கடற்கரையிலுள்ள இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், 2019-இல் இந்திய அணிக்கே ஆடினார். வீரரைத் தேடும் கண்கள் எந்தப் பந்தயத்திற்கும் வரக்கூடும்; ஆகவே, ஆரல்வாய்மொழி இளைஞர்களே, பள்ளிப் பந்தயமாயினும் கல்லூரிப் பந்தயமாயினும், அதனை அற்பமென எண்ணாது முழுச் சிரத்தையுடன் ஆடுங்கள்.