மூலம் என்னும் ஒரு சொல்

நீரிழிவையும் ஈளையையும் பற்றிச் சபையிலே தாராளமாக உரையாடும் நாம், ஆசனவாயில் உண்டாகும் நோயென்றால் வாய்திறக்க நாணுகிறோம். திறந்தாலும் ‘மூலம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். அச்சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

சித்த வைத்திய நூல்கள் மூலத்தை 21 வகையாகப் பகுத்தன. பௌத்திரமும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. முன்னோர் பல துன்பங்களை ஒரே பெயரின்கீழ் வைத்தனராயினும், உள்ளே வகை பிரித்தனர். நாமோ பெயரை வைத்துக்கொண்டு வகையைக் கைவிட்டோம். அதனால் மலக்குடல் இறக்கம் என்னும் வேறொரு நோய், மூலத்தின் பெயரிலே ஆண்டுக்கணக்காக மறைந்து கிடக்கிறது.

மயக்கத்துக்குக் காரணம் உண்டு. இரண்டிலும் முக்கும்போது சிவந்த சதை வெளிவரும், குருதி கசியும், முதலில் தானே உள்ளே செல்லும், பின்னர் விரலால் தள்ளவேண்டி வரும். ஆனால் வெளிவருவது யாது? மூலத்தில் வருவன, ஆசனவாயின் உட்புறத்தே எல்லோருக்கும் இயற்கையாக உள்ள இரத்தக்குழாய் மெத்தைகள். அவை வீங்கிச் சரிகின்றன. மலக்குடல் இறக்கத்தில் வருவதோ குடலேதான். காலுறையின் உட்புறம் வெளியே புரள்வதுபோல் அதன் முழுச்சுவரும் புரண்டு இறங்குகிறது.

ஆகவே மடிப்புகளை நோக்கவேண்டும். மூலச் சதை தோடம்பழச் சுளைகளைப்போலப் பிரிந்து நிற்கும். இடையேயுள்ள பள்ளங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும். இறங்கிய குடலிலோ, குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைகளைப்போல, ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்ட மடிப்புகள் தோன்றும். குடலின் உட்சவ்வு மட்டும் சரிந்தால் அதுவும் மூலம்போலவே தோற்றும். அங்கே வைத்தியரின் விரலே தடிப்பை அறிந்து தீர்ப்புச் சொல்லும்.

எனக்குத் தெரிந்த முதிய ஆசிரியை ஒருவர் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போவதை நிறுத்தியிருந்தார். மூட்டுவலியென்றே காரணம் சொன்னார். உண்மையில் ஆடை நனைந்துவிடுமோ என்ற அச்சமே அவரை வீட்டில் இருத்தியது. மலமும் சளியும் அடக்கமின்றிக் கசிவது மலக்குடல் இறக்கத்தில் பெரிதும் காணப்படுவது. முதிய பெண்களையே அந்நோய் மிகுதியாகப் பற்றும். அவரோ மூலத்துக்குரிய களிம்பையே பூசிவந்தார். படுத்தநிலையில் சோதித்தபோது எதுவும் தென்படவில்லை. பிறகொரு வைத்தியர் அவரை மலசலகூடத்தில் இருந்து முக்கச்செய்து பார்த்தார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. இதைச் செய்யும்படி நோயாளர் தாமே கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

பிரித்தறிவது வெறும் பெயர் விவகாரமன்று. மூலம் பெரும்பாலும் நார்ச்சத்துள்ள உணவாலும் நீராலும் முக்காதிருக்கும் பழக்கத்தாலும் தணியும். தணியாதபோது இறப்பர் வளையமிட்டுச் சுருக்குவர். வளர்ந்தோரின் முழு மலக்குடல் இறக்கத்துக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே தீர்வு. காலம் தாழ்த்தினால் ஆசனவாயைச் சுருக்கும் தசை மேலும் தளரும். சிறு குழந்தைகளின் நிலை வேறு. மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ குடற்புழுவோ நீங்கினால் அவர்களுக்குப் பெரும்பாலும் கத்தியின்றியே குணமாகும்.

குருதி கண்டவிடத்து மூலமென்று தாமே முடிவுகட்டுவோர்க்கும் ஒன்று சொல்வேன்: பெருங்குடற் புற்றுநோயும் குருதியாலேயே தன்னை அறிவிப்பதுண்டு. வெளிவந்த குடல் உள்ளே செல்ல மறுத்தாலோ, நிறம் கறுத்தாலோ, மறுநாள்வரை காத்திருத்தல் ஆகாது. அப்பொழுதே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.