மேட்டூர் நீர்த்தேக்கமும் மின்சாரமும்

மேட்டூருக்கு யாத்திரை செல்லும் ஐக்கிய சங்க அங்கத்தினர் பலர், அணையின் நீளத்தைக் கண்டு வியந்து, பூங்காவில் இளைப்பாறி, பொரித்த மீனையும் உண்டு திரும்பிவிடுகின்றனர். அணையடியில் உள்ள மின்சார நிலையத்தைப் பற்றி விசாரிப்போர் சிலரே. விவசாயிகள் அறிய வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் காவேரி, மலையிடுக்குகளின் வழியே ஓடிவந்து, சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே சமவெளியை அடைகிறது. அவ்விடுக்கின் வாயை 5,300 அடி நீளமுள்ள அணை அடைத்து நிற்கிறது. 1924-ஆம் வருஷத்தில் சென்னை அரசாங்கத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு வருஷம் வேலை துவங்கிற்று. 1934 ஆகஸ்டில் கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். நீர்மட்டம் 120 அடியை எட்டினால் சுமார் 9,347 கோடி கன அடி நீர் தேங்கும் என்பது கணக்கு.

இவ்வளவும் தஞ்சைக் கழனிகளை உத்தேசித்துக் கட்டப்பட்டதேயன்றி, மின்சாரத்திற்காக அன்று. அணையடி மின்நிலையம் 1937-இல்தான் வேலை செய்யத் தொடங்கிற்று. நீர் பெருங் குழாய்களின் வழியே வேகமாக இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. சுழற்றிய பின் ஒரு துளியும் குறையாமல் ஆற்றிலேயே சேர்கிறது. ஆகவே, மின்சாரம் எடுப்பதால் பாசன நீர் வீணாகிறது என்று சில கிராமங்களில் பேசிக்கொள்வது தவறு. நீரின் சத்தையும் மின்சாரம் உறிஞ்சிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு! சக்கரம் கவர்வது நீர் விழும் விசையை மட்டுமே.

உண்மையில் மின்சாரமே பாசனத்திற்குக் கட்டுப்பட்டது. வழக்கப்படி ஜூன் 12-இல் மதகு திறந்து, ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடிய பின் குடிநீருக்கு வேண்டிய சொற்ப நீரே செல்லுமாதலால் உற்பத்தியும் சுருங்கிவிடும். நீர்மட்டம் தாழத் தாழ, அதே அளவு நீர் தரும் விசையும் குறையும்.

அணையைக் கட்டியபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின. குடிகள் வீடு வாசலையும் கோயிலையும் விட்டு வெளியேறினர். கோடையில் நீர் மிகவும் வற்றினால், பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்தியும் மாதாகோயில் கோபுரமும் தலைகாட்டும். வேடிக்கை பார்க்க ஜனங்கள் பரிசலில் செல்வார்கள். அதே சமயத்தில் தஞ்சை ஜில்லாவில் குறுவைக்கு விதை வாங்கலாமா, வேண்டாமா என்று விவசாயிகள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.