பணம் அனுப்பினால் மட்டும் போதுமா?

புறக்கோட்டையில் புடைவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவரது மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கின்றான். "மாசா மாசம் பேங்குக்குக் காசு போடுறேன். லெப்டொப், போன் எல்லாம் வாங்கிக் கொடுத்தாச்சு. கோல் எடுத்தா பேசுறானில்ல. லீவுக்கும் வீட்டுக்கு வாறதில்ல. போன சோதினையில ரெண்டு பாடம் பெயில். இன்னும் என்னதான் குறை அவனுக்கு, நானா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் வர்த்தகர்கள் பலர் இதையே கேட்கின்றனர். நமது அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோருக்கு 1981 இல் ஆரம்பமான மஹாபொல புலமைப்பரிசில் நிதியமும் இருக்கின்றது. மிகுதிச் செலவைத் தகப்பன் பார்த்துக்கொள்கிறார். அப்படியிருந்தும் பிள்ளை ஏன் வாடிப்போகின்றான்?

மனதுக்கும் தேவைகள் உண்டு

வயிற்றுக்குச் சோறு போல மனதுக்கும் சில அடிப்படைத் தேவைகள் உள்ளன. அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய இருவரும் பல்லாண்டு ஆய்வுகளின் பின்னர் அவற்றை மூன்றாக வகுத்தனர். முதலாவது, தன் காரியத்தைத் தானே விரும்பித் தெரிவு செய்தேன் என்ற உணர்வு. இரண்டாவது, இந்த வேலை எனக்குக் கைவரும் என்ற திறமை உணர்வு. மூன்றாவது, என்னை மதிக்கவும் நேசிக்கவும் ஆட்கள் இருக்கின்றார்கள் என்ற உறவு உணர்வு. இம்மூன்றில் ஒன்று வற்றினாலும் ஊக்கமும் மன நலமும் குன்றுகின்றன.

வர்த்தகர்களுக்கு இது புதிய விடயமல்ல. எதற்கெடுத்தாலும் முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய ஊழியர் நீண்ட நாள் நிலைப்பதில்லை. வேலையைப் பழக்கிக் கொடுக்காமல் ஏச்சு மட்டும் கொடுத்தால் அவர் சோர்ந்துபோகின்றார். கடையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், கூடுதல் சம்பளம் கிடைத்தாலும் வேறு கடை தேடுகின்றார். ஊழியர் விடயத்தில் நாம் அறிந்த இந்த உண்மையைப் பிள்ளைகள் விடயத்தில் மறந்துவிடுகின்றோம்.

காசு செய்வதும் செய்யாததும்

1971 இல் டெசி ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். மாணவர்களுக்குத் துண்டுகளைப் பொருத்தும் புதிர் விளையாட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு இடையில் ஒரு தடவை மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டொலர் வழங்கப்பட்டது. அடுத்த முறை காசு இல்லை என்றானதும், ஓய்வு நேரத்தில் விருப்பத்துக்காக அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் அக்குழுவினரிடம் குறைந்திருந்தது. இவ்வாறான 128 ஆய்வுகளை 1999 இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, "இதைச் செய்தால் இது தருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் வெகுமதி, உள்ளிருந்து வரும் ஆர்வத்தைக் குறைப்பது தெரியவந்தது. மறுபுறம், வாயால் சொல்லும் உண்மையான பாராட்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆர்வத்தைக் கூட்டியது.

பிள்ளைக்குக் காசு அனுப்பக் கூடாது என்பது இதன் பொருளல்ல. செலவுக்குக் காசு அவசியம்தான். அதையே கடிவாளமாகப் பிடிப்பதில்தான் பிழை இருக்கின்றது. "நான் அனுப்பும் காசுக்கு இதுதானா பெறுபேறு?" என்று கேட்கும்போது படிப்பு அவனுடையதாக இல்லாமல் நம்முடைய முதலீடாகிவிடுகின்றது.

முதல் வருடத்தின் பாரம்

பல்கலைக்கழகம் செல்பவர்களில் அநேகர் தத்தமது பாடசாலையில் முன்னணியில் நின்றவர்கள். அங்கே போனதும் எல்லோரும் கெட்டிக்காரர்கள். இவன் நடுவில் ஒருவன். விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதியவனுக்கு, தெரிந்த பாடமே தெரியாதது போலாகின்றது. விடுதியிலோ வாடகை அறையிலோ புதிய முகங்கள். பகிடிவதையைத் தடுக்க 1998 இலேயே சட்டம் கொண்டுவரப்பட்டும் அது முற்றாக ஒழியவில்லை. 2020 இல் கொவிட் வந்ததும் படிப்பு தொலைபேசித் திரைக்குள் சுருங்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் தகப்பனின் வியாபாரம் ஆட்டம் கண்டதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "வாப்பாவுக்குப் பாரமாக இருக்கின்றேனே" என்று சொல்லாமல் மறுகும் பிள்ளைகளும் உண்டு.

நாம் செய்யக் கூடியவை

தொலைபேசியில் முதற் கேள்வியாகப் புள்ளியைக் கேட்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் பற்றிக் கேளுங்கள். அவன் படிப்பதை உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள்.

விடுமுறையில் வந்தால் லாச்சிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார வைக்காதீர்கள். இருப்புக் கணக்கையோ கொள்வனவுப் பட்டியலையோ அவன் பொறுப்பில் விடுங்கள். பிழை விட்டாலும் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுங்கள்.

பாடத் தெரிவை அவனிடம் விடுங்கள். உங்கள் அபிப்பிராயத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள்; தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் சட்ட மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வொன்றில், தமது தெரிவுக்கு மதிப்பளிக்கும் ஆசிரியர்களைப் பெற்றவர்கள் மன நலத்தில் மட்டுமன்றிப் பரீட்சையிலும் சிறந்து விளங்கினர்.

தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, எவரோடும் பேசாமை, பரீட்சைக்குத் தோற்றாமை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்கள் இருக்கின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் வெட்கமில்லை, இதிலும் வெட்கமில்லை.

நண்பருடன் பேசிக்கொண்டிருக்கையில் வாடிக்கையாளர் ஒருவர் மகனைப் பற்றி விசாரித்தார். "டொக்டருக்குத்தான் படிச்சான். கொஞ்சப் புள்ளியில தவறிட்டு. இப்ப வேற என்னமோ படிக்கிறான்" என்றார் நண்பர். அவர் போன பிறகு, "மகன் பக்கத்தில் நிற்கும்போதும் இப்படித்தான் சொல்வீர்களா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் படிக்கிற பாடத்துட பேரே எனக்குச் சரியாத் தெரியாது, நானா" என்றார்.

அன்றிரவு மகனுக்கு அழைப்பெடுத்து அதைத்தான் முதலில் கேட்கப் போவதாகச் சொன்னார். காசு போட்ட விபரத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.