கோகோ: நாம் விற்கும் இன்னொரு ஊக்கப் பொருள்

நம் வடலூர், நெய்வேலி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கோகோ சேர்ந்த சரக்கு இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. போர்ன்விட்டா, பூஸ்ட் போன்ற பானப் பொடிகள், சாக்லேட், கிரீம் பிஸ்கட், கேக் செய்வோர் கேட்கும் கோகோ பவுடர் எனப் பல உருவங்களில் அது நம் அலமாரியில் இருக்கிறது. காபித்தூளும் டீத்தூளும் தூக்கத்தைக் கலைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோகோவும் அதே குணம் கொண்ட பொருள்தான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

"ராத்திரியில் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். "இதைக் குடித்தால் முழிப்பு வருமா?" என்று சுரங்கத்துக்கு இரவு ஷிப்ட் செல்வோர் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் சாமான் வாங்குகிறார். ஆகவே விவரம் தெரிந்து பதில் சொல்வது நம் கடமையாகும்.

கோகோ வந்த வழி

கோகோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் தோன்றிய மரம். 1753இல் லின்னேயஸ் என்ற தாவர இயல் அறிஞர் இதற்கு 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். 'தேவர்களின் உணவு' என்பது அதன் பொருள். நம் நாட்டில் முதன்முதலாக இது பயிரிடப்பட்டதே தமிழ்நாட்டில்தான். 1798இல் குற்றாலத்தில் நடப்பட்டது. இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது.

காயைப் பிளந்து எடுக்கும் விதைகளைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். அந்த விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரித்தால் கிடைப்பது கோகோ வெண்ணெய். மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். ஊக்கம் தரும் பொருள்கள் பெரும்பாலும் இந்தப் பவுடரில்தான் தங்குகின்றன. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மட்டும் சேர்வதால் அதில் ஊக்கம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

உடலில் நடப்பது என்ன?

கோகோவில் இரண்டு ஊக்கப் பொருள்கள் உள்ளன. ஒன்று காபியிலும் டீயிலும் உள்ள காஃபீன். மற்றொன்று தியோபுரோமின். கோகோவில் இதுவே அதிகம்.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய இடத்தில் போய் அமரும்போது அசதியும் தூக்கமும் வருகின்றன. காஃபீன் அந்த இடத்தை முன்னதாகவே பிடித்துக் கொள்வதால் தூக்கம் தள்ளிப் போகிறது. தியோபுரோமினும் அதையே செய்கிறது. ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு. அது ரத்தக் குழாய்களைச் சற்றுத் தளர்த்தும். சிறுநீரை ஓரளவு அதிகப்படுத்தும். அளவு மீறினால் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். காஃபீனைவிட அதிக நேரம் உடலில் தங்கியும் இருக்கும்.

அளவைப் பார்ப்போம். கலப்பில்லாத கோகோ பவுடர் 5 கிராமில் சுமார் 100 மில்லிகிராம் தியோபுரோமினும் 10 முதல் 12 மில்லிகிராம் காஃபீனும் இருக்கும். ஒரு கப் காபியில் காஃபீன் மட்டுமே 80 முதல் 100 மில்லிகிராம் வரை போகும். டீயில் 30 முதல் 50 வரை. கோகோவை மென்மையான ஊக்கப் பொருள் என்பது இதனால்தான்.

பானப் பொடிகளில் கோகோ ஒரு பங்குதான். 100 கிராம் பொடியில் 10 கிராம் கோகோ என்று வைத்துக் கொண்டால், 20 கிராம் பொடி கலந்த ஒரு டம்ளர் பாலில் காஃபீன் 5 மில்லிகிராம்கூட இராது. குடித்தபின் தோன்றும் தெம்பு பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் தருவதே.

கேட்பவருக்குச் சொல்ல வேண்டியவை

பிள்ளைகளுக்கு இரவில் ஒரு டம்ளர் கொடுப்பதால் தூக்கம் பெரிதாகக் கெடாது. கவனிக்க வேண்டியது சர்க்கரையைத்தான். லேபிளில் சேர்மானங்கள் எடை அதிகமானது முதலில் வரும்படி அச்சிடப்படுகின்றன. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று காட்டினாலே போதும்.

நீரிழிவுக்காரர் கோகோ கேட்டால், கலப்பில்லாத பவுடர் வேறு, பானப் பொடி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகள் காபி, டீ, கோகோ எல்லாவற்றின் காஃபீனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்வோர் குறைத்துக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரும்புச் சத்து மாத்திரையைக் கோகோ பானத்துடனோ டீயுடனோ விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் கோகோ அதைக் கூட்டலாம்.

இரவு ஷிப்ட் செல்வோர் முழிப்புக்காக இதை நம்பக் கூடாது. காபியேகூடத் தூக்கத்தைத் தள்ளிப் போடுமே தவிர, போக்காது. விடியற்காலையில் வண்டி ஓட்டி வீடு திரும்புவோருக்கு இதை எடுத்துச் சொல்வது பெரிய உதவி.

வளர்ப்பு நாய்க்குச் சாக்லேட் ஆகாது. நாயின் உடலிலிருந்து தியோபுரோமின் மெதுவாகவே வெளியேறுவதால் அது நஞ்சாகும்; உயிரும் போகலாம்.

'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். இது இணைய வணிகத்துக்குச் சொன்னதாயினும் நமக்கும் பாடமே. கடை போர்டிலும் வாய்ப்பேச்சிலும் 'பானப் பொடி' என்றே சொல்லி விற்பது நல்லது. "இதைக் குடித்தால் பிள்ளை வளரும், நோய் தீரும்" என்ற உறுதி நம் வாயிலிருந்து வர வேண்டியதில்லை.

சரக்கைப் பேணுதல்

கோகோ பவுடர் ஈரத்தையும் வாசனையையும் சீக்கிரம் இழுத்துக் கொள்ளும். ஊதுபத்தி, சோப்பு, மசாலா அருகில் வைக்கலாகாது. சாக்லேட் 34 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் ஊர்க் கோடைக்கு இது பெரிதல்ல. உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்மை படர்வது பெரும்பாலும் கொழுப்புதான், பூஞ்சணம் அன்று. ஆயினும் சுவையும் தோற்றமும் குறைந்துவிடும் என்பதால் கோடையில் இருப்பைச் சிறிதாக வைப்பதே லாபம்.

விலையிலும் கவனம் தேவை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கு விளைச்சல் குறைந்ததால் 2024இல் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. இத்தகைய காலங்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்புச் சேர்ந்த மலிவுச் சரக்கு அதிகம் வரும். லேபிளைப் படித்துக் கொள்முதல் செய்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்போம். ஒரு பாக்கெட் குறைவாக விற்றாலும், நம் சொல்லை நம்பும் வாடிக்கையாளர் மறுமாதமும் நம் கடைக்கே வருவார்.